டெஸ்க்டாப்பை ஒதுக்கி வைக்க அக்கா சொல்வது

தம்பி, கல்விக்கடனுக்காகப் போன வாரம் நீ கேட்ட நிலக் கரம் தீர்த்த ரசீதைத் தேடி எடுக்க எனக்கு நாற்பது நிமிடம் ஆனது. ரசீது இல்லாமல் இல்லை. இந்த வருஷக் கரத்தை ஆன்லைனில் கட்டியதும் நான்தான், பிடிஎஃப்பை இறக்கி வைத்ததும் நான்தான். அது நம் வீட்டுக் கணினியின் டெஸ்க்டாப்பில், உன் பழைய பிராஜெக்டுக்கும் சின்னவள் வரைந்த யானைக்கும் நடுவே, வெறும் எண்களால் ஆன ஒரு பெயரோடு கிடந்தது. நீ பெங்களூரில் வங்கி வாசலில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாய். கவுன்டர் மூடும் நேரம் ஆகிறது என்று நீ மூன்று தடவை சொன்னாய். உன் குரலில் இருந்த பதற்றம் ராத்திரி வரைக்கும் என்னை விடவில்லை. சாப்பிட்ட பிறகு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். திரையில் 214 ஐகான். அதில் 'நியூ ஃபோல்டர்' என்ற பெயரில் மட்டும் ஒன்பது.

ஓணத்துக்கு நீ வருகிறாய், பத்து நாள் இருப்பாய். அந்தப் பத்து நாளில் ஒரு பகல் எனக்குக் கொடு, சேர்ந்து இதை ஒதுக்குவோம். அதற்கு முன்னால் இதைப் படித்துவிட்டு வா. வெள்ளறடைப் பக்கம் ஒரு கடையில் பதினோரு வருஷம் டிடிபி செய்தவள் நான். காணாமல் போன ஃபைலுக்காக எத்தனை பேர் என் மேசைக்கு முன்னால் முகம் வாடி நின்றிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. வந்ததும் உட்கார்ந்து டிலீட் பண்ண ஆரம்பிக்காதே. ஒதுக்குவது என்றால் எல்லாரும் தூக்கிப் போடுவதில்தான் தொடங்குகிறார்கள், கஷ்டமும் அங்கேதான் தொடங்குகிறது. முதல் வேலை நகல் எடுப்பது. டெஸ்க்டாப்பில் உள்ளது அத்தனையையும் அப்படியே வெளி ஹார்ட் டிஸ்கில் ஒரு காப்பி போடு. போட்ட பிறகு ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, வேறு ஒரு கணினியில் செருகி, நாலைந்து ஃபைலைத் திறந்து பார். திறக்கிறதா என்று வேறு கணினியில்தான் பார்க்க வேண்டும். அதற்குக் காரணம் இருக்கிறது.

ஐகானின் இடது மூலையில் சின்ன அம்புக்குறி இருந்தால் அது ஃபைல் இல்லை, ஷார்ட்கட். ஃபைல் வேறு எங்கோ இருக்கிறது, இது அங்கே போகும் வழியைக் காட்டும் கைகாட்டி, அவ்வளவுதான். கடையில் இருந்த காலத்தில் ஒரு பெண் ஆய்வேட்டை பிரின்ட் எடுக்க பென்டிரைவோடு வந்தாள். மறுநாள் சமர்ப்பிக்க வேண்டும். திறந்தால் உள்ளே ஒரு கேபி, இரண்டு கேபி அளவில் பத்துப் பதினைந்து ஷார்ட்கட். அவள் வீட்டுக் கணினியில் அவை நன்றாகத் திறந்தன, ஏனென்றால் உண்மையான ஃபைல் அங்கே இருந்தது. பென்டிரைவில் வந்தது கைகாட்டிகள் மட்டும். நல்ல வேளை, அவள் வீடு பக்கத்தில் ஒற்றசேகரமங்கலத்தில். ஓடிப்போய் எடுத்து வந்தாள். நீ காப்பி எடுத்ததும் அளவைப் பார். ஹார்ட் டிஸ்க் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' பார்த்தால் எத்தனை ஃபைல், எத்தனை ஜிபி என்று காட்டும். டெஸ்க்டாப்பில் உள்ள எண்ணிக்கையும் இதுவும் ஒத்துவர வேண்டும்.

நகல் பத்திரமான பிறகு நான் எப்போதும் செய்யும் ஒரு வேலை உண்டு, இதைவிட வேகமான வழியை நான் பார்த்ததில்லை. டி டிரைவில் 'பழைய டெஸ்க்டாப்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, பெயரோடு அன்றைய தேதியையும் சேர்த்து, 214ஐயும் ஒரே தூக்காக அதற்குள் தள்ளிவிடு. ஒவ்வொன்றாகத் திறந்து 'இது வேணுமா, வேண்டாமா' என்று யோசிக்க ஆரம்பித்தால் மத்தியானம் ஆவதற்குள் அலுத்துவிடும். முப்பது ஐகானோடு எழுந்து போய்விடுவாய். எல்லாவற்றையும் உள்ளே தள்ளிவிட்டால் திரை உடனே வெறிச்சோடிக் கிடக்கும். பிறகு தேவைப்படும்போது ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, சரியான இடத்தில் வைக்கலாம். மூன்று மாதத்தில் எது வெளியே வந்ததோ அதுதான் உனக்கு உண்மையில் வேண்டியது. மீதி அங்கேயே தூங்கட்டும், இடம் அடைக்காத வரை அதைத் தொட வேண்டாம்.

இதில் ஒரு எச்சரிக்கை. பேஜ்மேக்கர், இன்டிசைன் மாதிரி வேலைகளில் படம் ஓரிடத்திலும் பக்கம் ஓரிடத்திலும் இருக்கும். பக்கத்துக்குள் படத்தின் முகவரிதான் இருக்கும். படத்தை நகர்த்தினால் தொடர்பு அறுந்துவிடும், அச்சில் படம் மங்கலாக வரும். நான் செய்த கல்யாணக் கார்டுகளின் ஃபைல்கள் இன்னும் அதே கணினியில்தான் இருக்கின்றன. அவற்றைப் படங்களோடு சேர்த்து ஒரே ஃபோல்டராக நகர்த்து, பிரித்து எடுக்காதே. உன் புரோகிராமிங் பிராஜெக்டுகளுக்கும் இதே கதைதான், அது உனக்கே தெரிந்திருக்கும்.

டி டிரைவில் ஏன் என்று கேட்பாய். டெஸ்க்டாப் என்பது கண்ணுக்குத் திரையில் தெரிந்தாலும், விண்டோஸில் அது சி டிரைவுக்குள் இருக்கும் ஒரு சாதாரண ஃபோல்டர். கணினி தகராறு பண்ணினால் ரிப்பேர்க் கடையில் முதலில் செய்வது 'ஃபார்மேட் அடிப்பது'. அடித்தால் சி டிரைவு துடைத்துப் போகும், அதோடு டெஸ்க்டாப்பும் போகும். 'டெஸ்க்டாப்பில்தானே வைத்தேன், அது எப்படிப் போகும்' என்று கேட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் டி டிரைவில் போட்டுவிட்டோம், இனி கவலை இல்லை என்றும் நினைக்காதே. பெரும்பாலும் சியும் டியும் ஒரே டிஸ்கின் இரண்டு பகுதிகள்தான். டிஸ்கே போனால் இரண்டும் போகும். அதைப் பிறகு சொல்கிறேன்.

டெஸ்க்டாப் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் தேடிப் படித்தேன். 1981இல் ஜெராக்ஸ் கம்பெனி 'ஸ்டார்' என்று ஒரு கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆபீஸ் மேசையை அப்படியே திரையில் காட்ட வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். காகிதம், ஃபோல்டர், தபால் வந்து விழும் தட்டு, தபால் போகும் தட்டு என்று எல்லாவற்றுக்கும் படம் போட்டார்கள். ஃபைல் வைக்கும் இழுப்பறைக்கும் ஒரு படம் இருந்தது. மேசை என்று வைத்த அன்றே இழுப்பறையையும் வைத்துவிட்டார்கள். மேசை மேல் கிடப்பது இப்போது பார்க்கும் வேலை, வேலை முடிந்தால் இழுப்பறைக்குள் போக வேண்டும். நம் வீட்டில் மேசை மட்டும் பெருகிவிட்டது.

எந்த இழுப்பறை என்பதற்கு வருவோம். அப்பா ரப்பர் எடுப்பதை நீ சின்ன வயசில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாய். பாலை அரித்து டிஷ்ஷில் ஊற்றி உறைய வைத்து, ஷீட் அடித்து, வெயிலில் போட்டு, புகையில் தொங்கவிடுவார். வெட்டிலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டியதை உரித்து ஒட்டுப்பாலாகத் தனிச் சாக்கில் போடுவார். இரண்டையும் ஒருநாளும் கலந்ததில்லை. கலந்து கொண்டுபோனால் கடைக்காரர் மொத்தத்தையும் ஒட்டுப்பால் விலைக்குத்தான் எடுப்பார். நம் கணினியில் ரேஷன் கார்டும் கிரிக்கெட் வீடியோவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அதனால்தான் ரேஷன் கார்டைத் தேடும்போது எல்லாம் ஒன்றாகவே தெரிகிறது.

இழுப்பறை அதிகம் வேண்டாம். ஐந்து, மிஞ்சினால் ஆறு. ஃபைல் என்ன வகை என்று பார்த்துப் பிரிக்காதே. பிடிஎஃப் எல்லாம் ஒரு இடம், படம் எல்லாம் ஒரு இடம் என்று பிரித்தால் பார்க்க அழகாக இருக்கும், தேடும்போது உதவாது. யார் வந்து கேட்பார்கள், எதற்காகக் கேட்பார்கள் என்று யோசித்துப் பிரி. சர்டிஃபிகேட்டுக்கு ஒன்று, அதற்குள் ஆள் பெயரில் பிரித்து வை: அப்பா, அம்மை, நீ, நான், சின்னவள். ஆஸ்பத்திரிச் சீட்டும் அந்தந்த ஆளின் ஃபோல்டருக்குள் போகட்டும். வங்கிக்கு ஒன்று. வேலைக்கு ஒன்று. நிலத்துக்கு மட்டும் இரண்டு வேண்டும், 'நிலம் கேரளம்', 'நிலம் குமரி'.

இது நம் ஊர்க்காரர்களுக்கே உள்ள பாடு. 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீசுவரம் நான்கும் இன்றைய தமிழ்நாட்டுக்குப் போயின, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. பாட்டிக்குச் சீதனமாக வந்த நிலம் விளவங்கோட்டில், தாத்தாவின் நிலம் ஆரியங்கோட்டில். ஒரே குடும்பம், இரண்டு மாநிலத்துக் காகிதம். அந்தப் பக்கம் பட்டா, சிட்டா. இந்தப் பக்கம் கரம் ரசீது, தண்டப்பேர், போக்குவரவு. எழுத்தும் இரண்டு. இவற்றை ஒரே ஃபோல்டரில் போட்டால் சர்வே எண்கள் ஒன்றோடொன்று குழம்பும். போன வருஷம் அந்தப் பக்கத்து நிலத்துக்கு இந்தப் பக்கத்து சர்வே எண்ணை நானே ஒரு விண்ணப்பத்தில் எழுதி, வில்லேஜ் ஆபீசுக்கு இரண்டு நடை நடந்தேன். அதனால் இந்த ஒன்றில் மட்டும் நான் பிடிவாதம் பிடிப்பேன்.

பழைய பிரமாணங்களை நீ போனில் படம் பிடித்து வைத்திருக்கிறாய், நல்ல காரியம். ஆனால் அவற்றின் மேல் உள்ள வருஷத்தைப் பார்த்துக் குழம்பிவிடாதே. திருவிதாங்கூர் காலத்துப் பத்திரங்களில் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். கொல்லம் ஆண்டு ஆவணி முதல் தேதி, மலையாளத்தில் சிங்கம் ஒன்று, ஆகஸ்ட் நடுவில் பிறக்கிறது. ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரைக்கும் உள்ள தேதி என்றால் 824ஐக் கூட்டு, ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் என்றால் 825ஐக் கூட்டு. சரிபார்க்க ஒன்று சொல்கிறேன்: திருவிதாங்கூர் கோயில் நுழைவுப் பிரகடனத்தின் தேதி கொல்லம் 1112 துலாம் 27. 1112ஓடு 824ஐக் கூட்டினால் 1936. அது 1936 நவம்பர் 12தான். இப்படிக் கணக்குப் போட்டு, ஃபைல் பெயரில் இரண்டு ஆண்டையும் எழுது. பின்னால் ஒரு நாள் வக்கீலோ ஆதாரம் எழுதுபவரோ கேட்கும்போது நீ விரல் விட்டு எண்ண வேண்டி வராது.

பெயர் வைப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது, அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேள். பெயரின் தொடக்கத்தில் தேதியை வை, வருஷம் முதலில்: 2025-06-14 கரம் ரசீது ஆரியங்கோடு. வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் பெயர் வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும். நாளை முதலில் எழுதினால் எல்லா வருஷத்து ஒன்றாம் தேதியும் ஒன்றாகக் கூடி நிற்கும். மாதத்தை 6 என்று எழுதாதே, 06 என்று எழுது. 'ஃபைனல்', 'புதுசு', 'கடைசி' இந்தச் சொற்களே வேண்டாம். உன் பயோடேட்டா 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'லாஸ்ட் ஃபைனல்' என்று மூன்று இருக்கிறது. எது கடைசி என்று எனக்குத் தெரியவில்லை, உனக்குத் தெரியுமா என்றும் எனக்குச் சந்தேகம். தேதி போட்டிருந்தால் இந்தக் கேள்வியே வராது. பெயர் மாற்ற எஃப்2 பொத்தான் போதும். ஒரே வகையில் இருபது படம் இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து எஃப்2 அமுக்கி ஒரு பெயர் கொடுத்தால், விண்டோஸே பின்னால் எண் போட்டுக்கொள்ளும். தவறிவிட்டால் கன்ட்ரோல் இசட்.

தமிழில் பெயர் வைக்கலாமா என்று அம்மை கேட்டாள். தாராளமாக வைக்கலாம், நம் வீட்டு ஃபைல் நம் மொழியில் இருப்பதுதான் சரி. அம்மை தானே தேடி எடுக்க முடியும் என்பதே அதற்குப் போதுமான காரணம். ஆனால் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

சின்னவளின் பள்ளிக் கணினியில் இருப்பது விண்டோஸ் இல்லை, கேரளப் பள்ளிகளுக்காக கைட் நிறுவனம் தரும் உபுண்டு லினக்ஸ். லினக்ஸில் ஒரு ஃபைல் பெயருக்கு 255 பைட்தான் இடம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் ஆகும், தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் மூன்று. 'கி' என்பதே இரண்டு குறி, ஆறு பைட். அதனால் வாக்கியம் மாதிரி நீளமான தமிழ்ப் பெயர் வைத்த ஃபைலை அங்கே கொண்டுபோனால் காப்பி ஆகாமல் நின்றுவிடும். நாலைந்து சொல்லுக்கு மேல் வேண்டாம்.

மலையாளத்தில் பெயர் வைத்தால் சில்லு எழுத்துகளைக் கவனி. ன், ர், ல் போன்ற ஒலிகளில் முடியும் சொற்களுக்கு அவை வரும். 2008இல் யூனிகோடு 5.1 வரும் வரை அவற்றுக்குத் தனி இடம் கிடையாது, மூன்று குறிகளைச் சேர்த்து உண்டாக்கினார்கள். இப்போது ஒரே குறி. கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும், கணினிக்கு வேறு வேறு. ஒரு விதத்தில் பதிந்ததை இன்னொரு விதத்தில் தேடினால் கிடைக்காமல் போகலாம். அதனால்தான் தேதியையும் சர்வே எண்ணையும் எப்போதும் இலக்கத்தில் எழுது என்கிறேன். இலக்கத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை.

மூன்றாவது, அரசுத் தளங்களில் ஏற்றும் ஃபைல். தமிழ்ப் பெயரோ இடைவெளியோ இருந்தால் சில தளங்கள் ஏற்காமல் திருப்பி அனுப்பும். ஏற்றும் நகலுக்கு மட்டும் ஆங்கிலத்தில் சின்னப் பெயர் கொடுத்தால் போதும், மூலத்தின் பெயரை மாற்றாதே.

என் பழைய டிடிபி வேலைகளைப் பற்றியும் ஒரு சொல். வானவில், பாமினி மாதிரி எழுத்துருக்களில் அடித்தவை திரையில்தான் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்ட பிறகும் அச்சுக் கடைகளில் அவை நெடுநாள் ஓடின. உள்ளடக்கத்தைத் தேடினால் அவை அகப்படாது. அந்த ஃபைல்களுக்கு ஃபைல் பெயர் ஒன்றுதான் பிடி. அதை நானே செய்கிறேன், நீ கை வைக்க வேண்டாம்.

அடுத்தது போட்டோ. டெஸ்க்டாப்பில் உன் முகம் மட்டும் பதினேழு இருக்கிறது. கேரள பிஎஸ்சிக்கு 150க்கு 200 பிக்சல், 30 கேபிக்குள், கீழே பெயரும் எடுத்த தேதியும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுத் தேர்வுக்கு வேறு அளவு, பாஸ்போர்ட்டுக்கு வேறு, கல்லூரிக்கு வேறு. ஒவ்வொரு தடவையும் முந்தைய நகலையே இன்னும் சுருக்கிச் சுருக்கி முகம் கரைந்துபோய்விட்டது. ஸ்டூடியோவில் கொடுத்த பெரிய படத்தை 'மூலம்' என்று பெயரிட்டு ஒரு இடத்தில் வை. எந்த அளவு வேண்டுமானாலும் அதிலிருந்து மட்டும் எடு. வேலை முடிந்ததும் சுருக்கியதை அழித்துவிடலாம், மறுபடி ஒரு நிமிடத்தில் செய்துகொள்ளலாம். கையெழுத்துக்கும் இதேதான்.

ஒதுக்கிய திரை அப்படியே நிற்க வேண்டுமானால் குப்பை வந்து சேரும் வழியை அடைக்க வேண்டும். குரோமில் செட்டிங்ஸ் போய், டவுன்லோட்ஸ் பகுதியில், ஒவ்வொரு ஃபைலையும் எங்கே வைப்பது என்று கேட்கும்படி மாற்று. ஒரு கணம் கூடுதலாக ஆகும், ஆனால் அந்த ஒரு கணத்தில்தான் பெயரும் இடமும் அமைகிறது. ஸ்கிரீன்ஷாட்டுக்கு விண்டோஸ் பொத்தானும் பிரின்ட் ஸ்கிரீனும் சேர்த்து அமுக்கினால் அது பிக்சர்ஸுக்குள் தனி ஃபோல்டரில் போய் விழும், டெஸ்க்டாப்புக்கு வராது.

அம்மைக்கும் சின்னவளுக்கும் தனித்தனி யூசர் உண்டாக்கு. மூன்று பேர் ஒரே மேசையில் உட்கார்ந்தால் யார் காகிதத்தின் மேல் யார் காகிதம் விழுகிறது என்று யாருக்கும் தெரியாது. அம்மையின் திரையில் நாலே ஐகான் போதும்: போட்டோ, கரண்ட் பில், சித்தியோடு பேசும் வீடியோ கால், ஜெபப் பாட்டு. திரையின் வெற்றிடத்தில் கர்சரை வைத்து, கன்ட்ரோலை அமுக்கிக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டினால் ஐகான் பெரிதாகும். கண்ணாடி தேடாமல் அவள் பார்க்கும் அளவுக்குப் பெரிதாக்கு. 'எனக்கு இதெல்லாம் வராது மக்களே' என்று அவள் சொல்வது அறியாமையால் இல்லை. 214 ஐகானுக்கு நடுவில் எதைத் தொட்டு எதைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயம். அந்தப் பயத்தை உண்டாக்கியது நாம், எடுக்க வேண்டியதும் நாம்.

அழிப்பதைப் பற்றி. கணினியில் டிலீட் செய்தால் ரீசைக்கிள் பின்னில் போய்க் கிடக்கும், திரும்ப எடுக்கலாம். பென்டிரைவில் இருந்து அழித்தால் அங்கே போகாது, நேராகப் போய்விடும். ஷிஃப்டும் டிலீட்டும் சேர்த்து அமுக்கும் பழக்கம் உனக்கு உண்டு, இந்த வேலை முடியும் வரைக்கும் அதை விட்டுவிடு. சின்னவளின் பள்ளிக் கணினியில் நேர்மாறு: பென்டிரைவில் அழித்தது பென்டிரைவுக்குள்ளேயே ஒரு மறைந்த குப்பை ஃபோல்டரில் தங்கும். இடம் காலியாகவில்லையே என்று அவள் அழுததற்கு அதுதான் காரணம். டிராஷைக் காலி செய்தால் சரியாகும்.

ஒன்டிரைவைத் தொடும்போது இன்னும் கவனம். உன் லேப்டாப்பில் டெஸ்க்டாப் தானாகவே ஒன்டிரைவில் ஏறுகிறதா என்று முதலில் பார். ஏறினால், இங்கே அழிப்பது அங்கேயும் அழியும். அது நகல் இல்லை, நிழல். அழித்ததை அங்குள்ள ரீசைக்கிள் பின்னிலிருந்து 30 நாளுக்குள் மீட்கலாம், அதற்குப் பிறகு முடியாது. இலவச இடமும் 5 ஜிபிதான், கூகுளில் மெயில், போட்டோ எல்லாம் சேர்த்து 15 ஜிபி.

ஆதார் கார்டு ஒன்றும் டெஸ்க்டாப்பில் கிடக்கக் கூடாது. யாருக்காவது அனுப்பும்போது கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை இறக்கி அனுப்பு. கடையில் பிரின்ட் எடுத்தால், எடுத்த ஃபைலை அவர்கள் டவுன்லோட்ஸிலிருந்து அழிக்கச் சொல்லி, கண் முன்னால் பார்த்துவிட்டு எழுந்திரு. வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால் லாக் அவுட். நான் வேலை பார்த்த காலத்தில் சாயங்காலம் கடை பூட்டும் முன் அன்று வந்தவர்களின் ஃபைல்களை எல்லாம் அழித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். யாரும் சொல்லிச் செய்ததில்லை. ஊர்க்காரர்கள் நம்பிக் கொடுத்தது அது.

இனி அந்த ஹார்ட் டிஸ்க் பேச்சு. துலாவர்ஷம் நம் பக்கம் எப்படி வரும் என்று உனக்குத் தெரியும். மத்தியானம் வரை நல்ல வெயில், மூன்று மணிக்கு மேல் கிழக்கே மலைப்பக்கம் இருண்டு, மழைக்கு முன்னாலேயே இடி வெட்டும். பக்கத்து வீட்டில் டிவியும் மோடமும் ஒரே அடியில் போனது போன ஐப்பசியில்தான். கணினியில் செருகியபடியே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கும் அப்படி ஒரு அடியில் கணினியோடு சேர்ந்து போகலாம். காப்பி எடுத்ததும் கழற்றிவிடு. மேகம் கூடினால் கரண்ட் பிளக்கையும் இன்டர்நெட் வயரையும் உருவிவிடச் சொல்லி அம்மைக்குப் பழக்கியிருக்கிறேன், ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது.

பீட்டர் க்ரோ என்ற புகைப்படக்காரர் பரப்பிய கணக்கு ஒன்று உண்டு: மூன்று நகல், இரண்டு வகைப் பொருளில், ஒன்று வேறு இடத்தில். நம் வீட்டுக்கு அதை இப்படி வைத்துக்கொள்வோம். ஒன்று கணினியில். ஒன்று இணையத்தில், நிலமும் சர்டிஃபிகேட்டும் மட்டும் போதும், அது 15 ஜிபிக்குள் அடங்கும். மூன்றாவது ஹார்ட் டிஸ்கில், அந்த ஹார்ட் டிஸ்க் மார்த்தாண்டத்தில் சித்தி வீட்டு அலமாரியில். ஓணத்துக்கு ஒரு தடவை, கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை போகும்போது வாங்கி வந்து புதுசைச் சேர்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்தால் போதும். அவள் வீட்டுச் சர்டிஃபிகேட்டுகளையும் அதிலேயே ஒரு ஃபோல்டரில் போட்டுக்கொடு என்று கேட்டிருக்கிறாள். செய்து கொடு.

ஒன்பது 'நியூ ஃபோல்டர்' என்றேனே, அதில் நாலாவதைத் திறந்து பார்த்தேன். உள்ளே பதினோரு ஆடியோ, எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்தவை. பெயரில் 20190414 என்று இருக்கிறது. வாட்ஸ்அப் பெயரில் வரும் அந்த எட்டு இலக்கம் தேதி, 2019 ஏப்ரல் 14. அன்று நீ பாட்டியைத் திண்ணையில் உட்கார வைத்து விளவங்கோட்டு நிலத்தின் எல்லைகளைக் கேட்டிருக்கிறாய். கிழக்கே யார் புரையிடம், வடக்கே எந்தத் தோடு, எந்தப் பலாமரத்தோடு நம் அளவு முடிகிறது என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். பிரமாணத்தில் அவ்வளவு விவரம் இல்லை. அந்தப் பலாமரம் இப்போது இல்லை, பாட்டியும் இல்லை. இந்த ஃபோல்டர் இருப்பதே நமக்கு மறந்துபோயிருந்தது. போன வருஷம் நான் சர்வே எண்ணைத் தப்பாக எழுதி அலைந்தபோது, அந்த நிலத்தின் விவரம் திரையின் கீழ்மூலையில்தான் இருந்திருக்கிறது.

பெயர் மாற்றும்போது அந்த எட்டு இலக்கத்தை அழித்துவிடாதே, அதை முன்னால் வைத்துக்கொண்டு பின்னால் எழுது: 2019-04-14 பாட்டி சொன்ன எல்லை 01, 02 என்று பதினொன்று வரைக்கும். இடம் 'நிலம் குமரி'. ஒவ்வொன்றையும் முழுக்கக் கேட்டு, எந்தப் பக்கத்து எல்லை என்று பெயரிலேயே சேர்த்துவிடு. பாட்டி பேச்சில் சில சொல் உனக்குப் புரியாது, அம்மையைப் பக்கத்தில் வைத்துக்கொள். ஹார்ட் டிஸ்க்கை வெள்ளிக்கிழமையே சித்தியிடமிருந்து வாங்கி வந்து வைக்கிறேன். நீ வரும்போது உன் லேப்டாப் சார்ஜரை மறக்காமல் எடுத்து வா, போன தடவை மறந்துவிட்டாய்.